கோல் வாசலுக்கு மூன்று கூடை மண்

மார்ச் 3

அண்ணா,

யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறாதே. எல்லோரும் நன்றாக இருக்கிறோம். ஆறு வருடமாக நீ இந்த ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அம்மா போனபோதும் வரவில்லை. இனி உனக்கு ஒரு வரிகூட எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை. உன் நிறுவனத்தில் முகவரி கேட்டேன். சுரங்கப்பாதை வேலை நடக்கும் மலையில் போன் எடுக்காது, செவ்வாயும் வெள்ளியும் சாமான் ஜீப்பில் கடிதம் மட்டும் போகும் என்றார்கள். நல்லதாகப் போயிற்று. உன்னிடம் பேச எனக்கு வாய் வராது.

நான் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர் என்பது உனக்குத் தெரியும். சாயங்காலங்களில் வெளியே குழந்தைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுப்பது தெரியாது. பன்னிரண்டு பேரோடு ஆரம்பித்தேன், இப்போது நூற்று நாற்பது பேர். இருந்த ஒரு மைதானத்தையும் போன வருடம் பஸ் நிறுத்தத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு நாங்கள் பட்டது நாய் படாத பாடு. கடைகளுக்குப் பின்னால் வண்டி நிறுத்தும் இடத்தில் விளையாடினோம், கண்ணாடி உடைந்தது, விரட்டினார்கள். பள்ளிக்கூட சிமெண்ட் முற்றத்தில் விளையாடினோம், முட்டி தேயாத பிள்ளை ஒன்று இல்லை. கடைசியில் மாடிப்படிக்குக் கீழே இருபது பேரை நிற்க வைத்து, பந்து இல்லாமல் பந்து தடுக்கச் சொல்லிக்கொடுத்தேன். என் மகள்தான் ஒரு அணிக்குக் கோல் காவல். பந்து கையில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் எல்லோருக்கும் அவள் பிசின். நீ பார்த்தபோது ஐந்து வயது, இப்போது பதினொன்று.

நகராட்சியில் நான் ஏறாத படி இல்லை. நேற்று கொடுத்துவிட்டார்கள், மூடிக்கிடக்கும் சாயத் தொழிற்சாலையின் பின்பக்க நிலம் முழுவதையும். பொறியாளர் முதலில் முகத்தைச் சுளித்தார். அங்கே பெரிய கிணறு ஒன்று இருந்ததே என்றார். பிறகு பழைய கோப்பை எடுத்துப் புரட்டினார். "கிணறு முழுமையாகத் தூர்க்கப்பட்டது, நிலம் உறுதியானது" என்று அதில் எழுதியிருந்தது. அதன் கீழே நில அளவையாளர் கையெழுத்து. உன் கையெழுத்து, அண்ணா. அந்தக் கோணல் வாலை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும்.

பொறியாளர் அதைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார். கோபம் எல்லாம் அப்படியே இருக்கிறது. ஆனாலும் நன்றி சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

தங்கை


மார்ச் 10

தங்கச்சி,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. பதிலை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். அம்மா போனபோது நான் வராததற்குக் காரணம் இருக்கிறது, இப்போது எழுத முடியவில்லை.

அந்த நிலம் வேண்டாம். அது சாயக் கழிவு ஊறிய மண். குழந்தைகளுக்குத் தோல் வியாதி வரும், மூச்சுக்கும் ஆகாது. நான் அங்கே வேலை பார்த்தவன், எனக்குத் தெரியும். வேறு இடம் பார். இத்தனை நாள் பொறுத்தாய், இன்னும் ஒரு வருடம் பொறு.

பிசின் நன்றாகப் பந்து பிடிப்பாள் என்று கேட்க சந்தோஷமாக இருக்கிறது. அவளை அங்கே விளையாட விடாதே.

இங்கே மழை. வேலை மெதுவாக நடக்கிறது.

அண்ணன்


மார்ச் 16

அண்ணா,

ஆறு வருடம் கழித்து நீ வாயைத் திறந்தால் 'வேண்டாம்' என்றுதான் வரும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். மண்ணை ஏற்கெனவே பரிசோதனைக்கு அனுப்பி, கழிவு இல்லை என்று தாள் வாங்கிவிட்டேன். நீ பயந்துகொண்டு எழுதுகிறாய் என்று மட்டும் புரிகிறது. எதற்குப் பயம் என்றுதான் தெரியவில்லை.

நாங்கள் ஆரம்பித்துவிட்டோம். ஒரே நிலத்தை நான்காகப் பிரித்து நான்கு சின்ன மைதானம் போட்டோம். தபால் அலுவலகத்தில் ஓய்வு பெற்ற ஒருவர்தான் எங்கள் மைதானக்காரர். சுண்ணாம்பில் அவர் போடும் கோட்டைப் பார்த்தால் நீயே மெச்சுவாய், அவ்வளவு நேர். முதல் நாள் புல்லில் கால் வைத்ததும் சின்னதுகள் எல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டு உருண்டன. விளையாடச் சொன்னால் உருளுகிறீர்களே என்று கத்தினேன். பிறகு ஓரமாகப் போய் அழுதேன்.

ஒன்று மட்டும் சரியாக இல்லை. மூன்றாம் மைதானத்தின் கிழக்குக் கோல் வாசலில் மண் அமுங்கிக்கொண்டே இருக்கிறது. கோல் வாசல் என்றால் குழி விழத்தான் செய்யும், காவலுக்கு நிற்பவர்கள் ஒரே இடத்தில் குதிப்பார்கள். எந்த மைதானத்திலும் அங்கே மண் கொட்டி நிரப்புவது எங்கள் வழக்கம். மற்ற கோல்களுக்கு இதுவரை ஒரு கூடைதான் ஆயிற்று. இதற்கு வாரம் மூன்று கூடை. "இந்தக் கோலுக்கு மட்டும் வயிறு பெருசும்மா" என்று மைதானக்காரர் சிரிக்கிறார். பிசின் நிற்கும் கோல் அதுதான்.

ஏப்ரல் 12, ஞாயிற்றுக்கிழமை பதினாறு அணிகளுக்குப் போட்டி வைத்திருக்கிறேன். அது நல்லபடியாக முடிந்தால் நிலத்தைப் பத்து வருடத்துக்கு எழுதித் தருவதாக நகராட்சியில் சொல்லியிருக்கிறார்கள். வந்து பார்க்கச் சொல்ல மாட்டேன். நீ வர மாட்டாய்.

தங்கை


மார்ச் 24

தங்கச்சி,

உட்கார்ந்து படி. பக்கத்தில் யாரும் இருக்க வேண்டாம்.

அந்தக் கிணறு தூர்க்கப்படவில்லை.

அறுபது அடி ஆழம், பதினான்கு அடி அகலம். ஒரு வாரம் லாரி லாரியாக மண் அடித்தால்தான் நிரம்பும். அந்த வாரம் லாரிகள் வேலைநிறுத்தம். தொழிற்சாலை மேலாளருக்குக் கிணற்றை மூடியதாக அன்றைக்கே தாள் வேண்டும். வாய்க்குக் குறுக்கே தண்டவாளத் துண்டுகளைப் போட்டு, மேலே பலகை அடுக்கி, ஒன்றரை அடி மண்ணைப் பரப்பினார்கள். "லாரி ஓடினதும் பிரிச்சுத் தூர்த்துடுவோம், நீங்க போடுங்க சார்" என்றார். போட்டேன். எனக்கு இருபத்தேழு வயது, வேலை நிரந்தரமாகாத நேரம். ஒரு மாதம் கழித்துப் போய்க் கேட்டேன். தொழிற்சாலை பூட்டிக்கிடந்தது, மேலாளர் ஊரிலேயே இல்லை. மேலே புல் முளைத்திருந்தது.

அங்கே யார் போகப் போகிறார்கள் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். ஆனால் அந்தப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறுவதையே விட்டுவிட்டேன். அதனால்தான் மலைக்கு வந்தேன். அம்மா போன செய்தி கிடைத்ததும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். ஊருக்குள் வரும் சாலை அந்தச் சுவரை ஒட்டித்தான் வருகிறது. பாதி வழியில் இறங்கித் திரும்பிவிட்டேன். இதைப் படித்துவிட்டு நீ என்னைத் திட்டலாம், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

இப்போது அளவைக் குறித்துக்கொள். நிலத்தில் மோட்டார் அறை ஒன்று இருக்கும். மைதானத்தைப் பார்த்த அதன் சுவரின் நடுவிலிருந்து, நேராக உள்ளே முப்பத்தொரு மீட்டர். அதுதான் கிணற்றின் மையம். சுற்றிலும் பத்து மீட்டருக்கு யாரையும் விடாதே. உன் கோல் வாசலும் இந்த இடமும் ஒன்றா என்று முதலில் பார். மூன்று கூடை என்று படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நகராட்சிக்கு நானே எழுதுகிறேன். எழுத வேண்டும். எழுதினால் வேலை போகும், ஜெயிலுக்குப் போனாலும் போவேன். எனக்குக் கொஞ்ச நாள் கொடு. அதுவரை கயிறு கட்டி வை.

அண்ணன்


மார்ச் 30

அண்ணா,

உன்னைத் திட்ட எனக்குத் தெம்பு இல்லை. கடிதத்தைப் படித்து மடித்துக் கைப்பையில் வைத்தேன். மறுநாள் காலையில் யாரும் வருவதற்கு முன் நாடாவை எடுத்துக்கொண்டு போனேன்.

மூன்று தடவை அளந்தேன். நீ சொன்ன இடம் இரண்டாம் மைதானத்தின் நடுவில் வருகிறது. கிழக்குக் கோல் அங்கிருந்து வெகு தூரம். இரும்புக் கம்பியை எடுத்துக் குத்திப் பார்த்தேன், இரண்டு விரற்கடைகூட இறங்கவில்லை, கல் மாதிரி இருக்கிறது. உங்கள் பலகை நன்றாகத்தான் தாங்குகிறது போலிருக்கிறது. ஆனாலும் சுற்றிக் கயிறு கட்டிவிட்டேன். புது விதை போட்டிருக்கிறோம், மிதிக்கக்கூடாது என்று பிள்ளைகளிடம் சொன்னேன். மைதானக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். 

நான் செய்ததையும் கேள். போட்டி நடத்துபவர் கொடுக்க வேண்டிய தாள் ஒன்று உண்டு. "ஆபத்தான பள்ளமோ கிணறோ இல்லை என்று உறுதி கூறுகிறேன்" என்று அதில் ஒரு வரி. உன் கடிதம் என் கைப்பையில் இருக்கும்போதே அதில் கையெழுத்துப் போட்டேன். உண்மையைச் சொன்னால் அன்றைக்கே பூட்டுப் போட்டுவிடுவார்கள், நூற்று நாற்பது பேரும் மறுபடி மாடிப்படிக்குக் கீழே வந்துவிடுவார்கள். போட்டி முடியட்டும், பத்து வருடத் தாள் கைக்கு வரட்டும், அப்புறம் நாமே ஆள் வைத்துத் தூர்த்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

பயமாக இருக்கிறது, அண்ணா. பயிற்சி முடிந்ததும் தலைகளை எண்ணுகிறேன். எண்ணிவிட்டு மறுபடியும் எண்ணுகிறேன். பாடம் எடுக்கும்போது யாராவது பெஞ்சைத் தடாலென்று நகர்த்தினால் தூக்கிவாரிப் போடுகிறது. சாயங்காலம் மோட்டார் அறைக்குப் பின்னால் வெயில் இறங்கும்போது அதன் நிழல் நீண்டு வந்து அந்தக் கயிற்றைத் தொடும்.  அறையின் கதவுக்கு நீலப் பெயிண்ட் அடித்து உள்ளே பந்துகளை வைத்திருக்கிறோம். பந்து எடுக்கப் போகக்கூட மனம் வருவதில்லை.

கிழக்குக் கோல் இப்போது வாரம் ஐந்து கூடை கேட்கிறது. பிசின் அவ்வளவு குதிக்கிறாள்.

தங்கை


ஏப்ரல் 10

தங்கச்சி,

மண் சரிந்து பத்து நாளாக ஜீப் வரவில்லை. உன் கடிதம் இப்போதுதான் கிடைத்தது.

வெயில் மோட்டார் அறைக்குப் பின்னால் இறங்குகிறது என்று எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் அறை மேற்குச் சுவரோரம் இருக்கிறது. நான் அளந்த அறை கிழக்குச் சுவரோரம் இருந்தது. அதற்குக் கதவே கிடையாது. அதை இடித்துவிட்டு யாரோ எதிர்ப்பக்கம் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். திசையைக் குறிக்காமல் அளவு கொடுத்தேன். இந்தத் தொழிலுக்கு வந்த முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. எழுதும் அவசரத்தில் விட்டுவிட்டேன்.

கிழக்கே பழைய அறை இருந்த இடத்திலிருந்து முப்பத்தொரு மீட்டர் அளந்தால் எங்கே வரும் என்று நீ பார்க்க வேண்டாம். எனக்குத் தெரிந்துவிட்டது. நீங்கள் கொட்டிய மண் எதுவும் அங்கே இல்லை. பலகை உளுத்து, சந்து வழியாகக் கீழே போய்க்கொண்டிருக்கிறது.

அவளை அந்தக் கோலில் நிறுத்தாதே. யாரையும் நிறுத்தாதே.

ஜீப்புக்குப் பிரேக் சரியில்லை, நாளைக்குத்தான் இறங்குமாம். நான் இப்போதே நடக்கிறேன். பஸ் போகும் சாலைக்கு முப்பது கிலோமீட்டர். போன் எடுக்கும் இடம் வந்ததும் நகராட்சிக்கு அடிப்பேன். சனி, ஞாயிறு யார் எடுப்பார்கள் என்று தெரியவில்லை. உன் எண் என்னிடம் இல்லை. ஆறு வருடமாக நான் கேட்கவும் இல்லை. இதை ஓட்டுநரிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். வழியில் எனக்கு ஏதாவது ஆனாலும் இது உன் கைக்கு வரட்டும்.

அண்ணன்


ஏப்ரல் 15

அண்ணா,

நீ ஓட்டுநரிடம் கொடுத்த கடிதம் இன்றுதான் வந்தது, நீ வந்துபோன மூன்றாம் நாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு பூட்டிய மைதானத்தின் வாசலில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பிசின் கடித்த இடம் ஆறிவிட்டதா? யாரோ சேறு அப்பிய ஆள் ஆட்டத்தின் நடுவில் ஓடிவந்து தன்னைத் தூக்குகிறான் என்றால் அவள் வேறு என்ன செய்வாள்? எனக்கே உன்னை அடையாளம் தெரியவில்லை. நடுவர் விசில் ஊதி ஊதி ஓய்ந்துபோனார், ஒரு அப்பா உன் சட்டையைக் கிழித்துவிட்டார். கடியையும் அடியையும் வாங்கிக்கொண்டு அவளைக் கோட்டுக்கு வெளியே கொண்டுபோய் இறக்கிவிட்ட பிறகுதான் நீ வாயைத் திறந்தாய். "கடப்பாரை இருக்கா?" என்றாய். அந்தக் குரலில்தான் நீ என்று தெரிந்தது.

மைதானக்காரர் தரையில் படுத்துக் கையை நீட்டிக் குத்தியதையும், கடப்பாரை அவர் கையை விட்டு வழுக்கிக்கொண்டு உள்ளே போனதையும் எல்லோரும் பார்த்தார்கள். சத்தத்துக்காக நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு என்று எண்ணிய பிறகுதான் தண்ணீரில் விழுந்தது. முந்நூறு பேரும் பிள்ளைகளைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள். முதலில் ஒரு தட்டு அளவுக்குத்தான் ஓட்டை. சாயங்காலத்துக்குள் கட்டில் அளவுக்குப் புல்லோடு உள்ளே போயிற்று. கோல் கம்பத்தின் ஒரு கால் இப்போது அந்தரத்தில் தொங்குகிறது.

நீ நகராட்சிக்குப் பதினேழு முறை அடித்ததையும், போலீஸ் நிலையத்தில் "ஆறு வருஷத்துக்கு முன்னாடி மூடின கிணறா? திங்கக்கிழமை வாங்க" என்று சொன்னதையும் போட்டி பார்க்க வந்திருந்த பொறியாளர் சொல்லித்தான் கேட்டேன். நீ வீட்டுக்கும் வரவில்லை. கிழிந்த சட்டையோடு அவர் வண்டியில் ஏறிப் போனாய். விசாரணை முடியும்வரை மாவட்டத் தலைநகர் விடுதியில் தங்கி, அந்த ஊரை விட்டு நகரக்கூடாதாமே. முகவரியும் அவர்தான் கொடுத்தார்.

நிலத்தைப் பூட்டிவிட்டார்கள். பிள்ளைகள் நேற்று சிமெண்ட் முற்றத்துக்குத் திரும்பினார்கள். யாரும் முணுமுணுக்கவில்லை. பிசின் கோலில் நிற்பதற்கு முன்னால் குதிகாலால் மூன்று முறை தரையைத் தட்டிப் பார்த்தாள். சிமெண்ட் தரை அது. ஒன்றும் ஆகாதுடி என்றேன். "நீ அங்கயும் அப்படித்தானேம்மா சொன்னே" என்றாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அதற்குப் பிறகு விசில் ஊத வரவில்லை.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். கயிறு கட்டிய அன்று, இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிழக்குக் கோல் வரைக்கும் நடந்தேன். அங்கேயும் ஒரு குத்து குத்திப் பார்க்கலாம் என்று தோன்றியது. தோன்றவில்லை என்று எழுதினால் அது பொய். வாசலில் நின்றேன், கம்பியைத் தூக்கவும் தூக்கினேன். இறங்கிவிட்டால் என்ன செய்வது என்று பயந்து திரும்பிவிட்டேன். என் மகள் நிற்கும் இடம், அண்ணா. மைதானம் போய்விடுமே என்ற பயம், அவள் போய்விடுவாளே என்ற பயத்தைவிடப் பெரியதாக இருந்திருக்கிறது. நீ ஏன் ஆறு வருடம் வரவில்லை என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது. அம்மா விஷயத்தில் உன்னை மன்னித்தேனா என்று தெரியாது. புரிகிறது, அவ்வளவுதான்.

நேற்று ஒரு தாய் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, நீங்களும் உங்கள் அண்ணனும் இருந்ததால்தான் பிள்ளைகள் பிழைத்தார்கள் என்று அழுதார். கையை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை, விட்டு வைக்கவும் முடியவில்லை.

பொறியாளர் உன் வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினார். எல்லாம் சரியாக எழுதியிருக்கிறாய், லாரி, பலகை, மேலாளர், ஒன்றுவிடாமல். கடைசியில் "என் தங்கைக்கு இதைப் பற்றி எதுவும் தெரியாது" என்று எழுதி, கீழே அதே கோணல் வாலோடு கையெழுத்து. மறுபடியும் ஒரு பொய்யின் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறாய். உனக்கு இந்தப் பழக்கம் போகவே போகாதா?

அந்த வரியை அடித்துவிடு. திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். கிணற்றைப் பற்றி நீ எழுதிய மார்ச் 24 கடிதத்தையும், நான் கையெழுத்துப் போட்ட தாளின் நகலையும் எடுத்துக்கொண்டு வருகிறேன்.  வேலை போகும் என்று தெரியும், பிள்ளைகளை மறுபடியும் என்னிடம் விடுவார்களா என்றும் தெரியாது. விசாரணை அலுவலக வாசலிலேயே நில். நீ இல்லாமல் என்னால் அந்தப் படி ஏற முடியாது.

பிசினும் வருகிறாள். கடித்த இடத்தைப் பார்க்க வேண்டுமாம்.

தங்கை